நான் உட்காராத பக்கம்

என் அருமைப் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எலும்பு ஒன்றும் முறியாமல் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தியும் அதே மாதிரி சௌக்கியம்தானே. எலும்பு எதற்கு நடுவில் வந்தது என்று பதறாதே, முழுசாகப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் உடனே ஒரு பொய்யை எடுத்து விடுவேன். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை லைனிங் துணியும் பட்டனும் வாங்கிக்கொண்டு கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது சிக்னலில் ஒழுங்காகத்தான் நின்றிருந்தேன், சத்தியமாக இந்த முறை ஒழுங்காகத்தான், பக்கத்துச் சந்திலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்து நம் கார் பின்கதவில் டமாலென்று இடித்தது. ஓட்டியவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான், ஆள் பறந்துவிட்டான். பக்கத்தில் அப்பா இருந்தார், ஆனால் நான் சாவியைத் திருகினாலே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைக்க ஆரம்பித்துவிடுவார், உனக்குத் தெரியாததா, ஆகவே நம் பக்கத்துச் சாட்சி ஒன்றையுமே பார்க்கவில்லை. ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவர் வேன் நம்பர் என்னம்மா என்று கேட்டார். நம்பரை யார் பார்த்தது? நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை சார், பாக்கெட்ல இருக்கிற கட்டம் சட்டைக் கட்டத்தோட சேரவே இல்ல, எவனோ அவசரத்துல வெட்டியிருக்கான்னு மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்பாவைப் பாவமாகப் பார்த்தார். முப்பது வருஷம் சட்டை தைத்தவளுக்கு ஒரு நொடி கிடைத்தால் கண் வேறு எங்கே போகும்? இன்ஷூரன்ஸ் ஃபாரத்திலும் மோதிய வாகனத்தின் விவரம் என்று நாலு கோடு விட்டிருந்தார்கள், வெள்ளை வேன் என்று ஒரு கோட்டில் எழுதி, மிச்ச மூன்றையும் அந்தச் சட்டைக்கே கொடுத்துவிட்டேன்.

இனிமேல்தான் நான் பயந்த இடம் வருகிறது. நீ ஊருக்குக் கிளம்பும்போது, இன்னொரு கீறல் விழுந்தா சாவியப் பக்கத்து வீட்டு மாமாகிட்ட கொடுத்துடணும்மா என்று சொல்லி என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய். மாதா மாதம் கார் படமும் அனுப்பச் சொன்னாய், நானும் தவறாமல் அனுப்பினேன். எல்லாப் படமும் நான் உட்காருகிற பக்கம்தான். அந்த வண்டி எந்த மாதமும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்று உனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லையா, இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்? நான் உட்காராத பக்கத்தில் வேன்காரன் வருவதற்கு முன்பே ஆறு கீறல் இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன் கண்ணா, மறைத்திருக்கிறேன். மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, எதுக்கும்மா கவலைப்படறீங்க, எல்லாத்தையும் ஓடிப்போனவன் தலையிலயே கட்டிடுங்க, வண்டி புதுசா வந்துடும் என்றார். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா. ராத்திரி நிம்மதியாகத் தூங்கிக்கூட விட்டேன்.

மறுநாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்க்கச் சர்வேயர் வந்தாள், உன் தங்கை வயசுதான் இருக்கும். கையில் சாக்பீஸ். நான் அளவு பார்த்து அடையாளம் போடுவேனே, அதே மாதிரி ஒவ்வொரு கீறலையும் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். அவள் வேலை செய்ய நான் சும்மா இருந்தேனா, இடிச்சிட்டு எறங்கி ஒரு வார்த்தை கேக்கல, அவனெல்லாம் ஒரு மனுஷனா, வீட்டுல சோறு எறங்குமா அவனுக்கு என்று ஒரு வாரமாக எல்லோரிடமும் பாடிய பாட்டை அவளிடமும் பாடினேன். பின்பக்க மூலையில் கடைசி வட்டத்தைப் போட்டவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, வேன் வெள்ளைன்னு சொன்னீங்க, இங்க சிவப்புப் பெயின்ட் இருக்கே, இதுவும் அவன்தானா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மெக்கானிக் பின்னாலிருந்து ஆமான்னு சொல்லுங்க என்று கண் காட்டுகிறார்.

அது மருந்துக்கடைத் தம்பியின் ஸ்கூட்டர். எட்டு மாசத்துக்கு முன்னால் அவர் கடை வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துச் சாய்த்துவிட்டேன். முன்விளக்கு உடைந்தது. தெருவில் யாரும் இல்லை. கண்ணை மூடியிருந்த அப்பா என்ன சத்தம் என்று கேட்டார், ஒண்ணுமில்ல, கல்லு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் இறங்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அந்தப் பெண்ணிடம் சொன்னேன், இது நான்தாம்மா. பிறகு வாய் நிற்கவில்லை, இதுவும் நான், இது நம்ம கேட், இது தூண், இதுவும் அதே தூண் என்று ஆறையும் ஒப்பித்துவிட்டேன். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். அவள் சிரிக்காமல் ஆறு வட்டத்தையும் துடைத்துவிட்டு ஒரே ஒரு கதவுக்கு எழுதிக்கொண்டு போனாள், அது பாஸாகிவிட்டது.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்குப் போனேன். அப்பாவின் பிரஷர் மாத்திரைக்காக வாரா வாரம் ஏறுகிற அதே படி, அன்றைக்கு மட்டும் ஏற முடியவில்லை. சொல்லி முடித்ததும் அந்தத் தம்பி, தெரியும்க்கா, அன்னிக்கே உள்ளேருந்து பாத்தேன் என்றார். அப்போ ஏன் கேக்கல என்றேன். ஒவ்வொரு வாரமும் நீங்க வரும்போது இன்னிக்குச் சொல்லிடுவாங்கன்னு நெனச்சுக்குவேன் என்றார். எட்டு மாசம், பெரியவனே. ஒவ்வொரு தடவையும் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்ட மனுஷன். பரவாயில்லக்கா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதை அவர் சொல்லவில்லை. சரி, இப்பவாவது சொன்னீங்களே என்றார். நான் கடையிலேயே அழுதுவிட்டேன். ஸ்கூட்டருக்குப் புது விளக்குப் போட்டாயிற்று, சீட் கவர் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். நானும் அப்பாவும் பஸ்ஸில்தான் போகிறோம், அதில் அவர் கண்ணைத் திறந்துகொண்டு வருகிறார், ஜன்னல் சீட் வேறு கேட்கிறார். எனக்குத்தான் கை நமநமவென்கிறது. வயசான காலத்தில் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, ஆசை விடுமா? ஆனால் இந்த முறை தீர்ப்பு உன்னுடையது. இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், நான் உட்காராத பக்கம். ஆறும் தெரிகிற மாதிரி வெயிலில் நிறுத்தி எடுத்தேன். நன்றாகப் பார்த்துவிட்டு, சாவி யாரிடம் இருக்கணும் என்று எழுது, நீ என்ன சொன்னாலும் கோபப்பட மாட்டேன், இரண்டு நாள் மட்டும் பேச மாட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடும் நல்ல பிரேக்கோடும் இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தம், அவள் கவுனுக்கு அளவு அனுப்ப மருமகளுக்கு ஞாபகப்படுத்து. உன் கையால் எங்கேயாவது யார் வண்டியாவது இடிபட்டால் இறங்கிவிடு கண்ணா, எட்டு மாசம் ஆக்காதே.

ஏழில் ஆறுக்குச் சொந்தக்காரியான,
உன் அம்மா