முப்பதாம் நாளில் பிரிக்க வேண்டியது

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை, நவநாள் பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் ரொஷேல்,

நானும் மம்மியும் கொச்சிக்கடை அந்தோனியார் புண்ணியத்தில் சுகம். நீயும் சுகம்தானே என்று கேட்பது முறை, ஆனால் இது உன் கைக்கு வரும்போது நீ கனடாக் காட்டில் ஏதோ ஒரு ஏரிக்கரையில் முப்பது நாள் தனியாகக் கிடந்து கன்னம் ஒட்டிப்போய் இருப்பாய், அதனால் கேட்காமல் விடுகிறேன். உன்னுடைய அந்த ரீவி நிகழ்ச்சிக்காரர்களிடமிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். காட்டில் தனியாக அதிக நாள் தாக்குப்பிடிக்கிற இந்தப் போட்டிக்குப் போன எல்லாருக்கும் முப்பதாம் நாள் வீட்டுக் கடிதம் கொடுப்பார்களாம், பழைய ஞாபகங்களோடு மனதைத் தொடுகிற மாதிரி எழுதித் தாருங்கள் என்றாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. யாருக்குக் கதை விடுகிறாள்? அந்த நிகழ்ச்சியைப் பதினைந்து வருசமாக ஒரு கிழமை தவறாமல் பார்த்தவன் நான். படகில் வந்து கடிதத்தைக் கொடுப்பார்கள், வாசிக்கிற ஆள் அழும், அதைக் கிட்ட நின்று படம் பிடிப்பார்கள், அடுத்த நாளே முக்கால்வாசிப் பேர் சிவப்புப் பட்டனை அழுத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள். என் மகளை என் கையாலேயே தோற்கடிக்கப் பார்க்கிறார்கள். ஆகவே இதில் நீ அழுகிற மாதிரி ஒரு வரியும் இருக்காது, என் புறுபுறுப்பு மட்டும்தான்.

முதலாவது புறுபுறுப்பு, போன சனிக்கிழமை நடந்த பாட்டு ஷோ. நீ லீவில் வருவாய், டடாவும் மகளும் சேர்ந்து போவோம் என்று இரண்டு வருசமாகக் கதைத்து, இரண்டு ரிக்கெற்றும் எடுத்து வைத்திருந்தேன். நீ காட்டுக்குப் போய்விட்டாய், உன் ரிக்கெற்றில் என்னோடு துறைமுகத்தில் வேலை செய்த பிறெடி வந்து, முதல் பாட்டிலேயே நித்திரையாகிவிட்டான். ஏழு மணி என்று போட்டுவிட்டு எட்டரைக்குத்தான் தொடங்கினார்கள். எனக்கு முன்னால் இருந்தவன் பாட்டைக் கேட்காமல் முழுவதையும் போனில் பிடித்துக்கொண்டு நின்றான். கசெற் நாடா தேயத் தேய நான் கேட்ட அந்தப் பாட்டுக் கோஷ்டியின் ஐந்து பேரில் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம், மற்றவர்கள் எங்கேயோ பிடித்த பொடியன்கள். பாடுகிறவருக்கு எழுபத்தாறு வயது. மூன்றாவது பாட்டில் வரிகள் மறந்துபோயின, நாலாவதில் கதிரை கொண்டுவந்து போட்டார்கள், உயரப் போக வேண்டிய இடத்திலெல்லாம் மைக்கை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்குத் தாங்கவில்லை. போதும் அண்ணே, வீட்டுக்குப் போங்கோ என்று கத்திவிட்டேன், பிறெடி திடுக்கிட்டு எழும்பினான்.

வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதினைந்து வருசமாக சோபாவில் இருந்து, பட்டனை அழுத்தியவர்களையெல்லாம் பேடி, பயந்தாங்கொள்ளி என்று திட்டினேன். நிப்பாட்டாமல் பாடுகிற மனிசனையும் அதே வாயால்தான் திட்டினேன். நீ அந்தச் சோபாவில் பக்கத்தில் இருந்து வளர்ந்தவள். பத்து வயதில் மொட்டைமாடியில் தேங்காய்த் தும்பை வைத்து நெருப்பு மூட்டப் பார்த்து மம்மியின் சேலையைப் பொசுக்கினாய், அன்றைக்கு அடிக்காமல் கெட்டிக்காரி என்று சொன்னதும் நான்தான். ஒருத்தருக்கும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று நீங்கள்தானே சொன்னீங்கள் டடா, நான் செய்து காட்டுறன் என்று போனில் சொன்னாயே, அது என் தலையில் இன்னும் கேட்கிறது. நான் சோபாவில் இருந்து சொன்னது, மகள். அதையெல்லாம் நம்பிக் காட்டுக்குப் போவார்களா?

போனதுதான் போய்விட்டாய், விறகை நனையவிடாதே. முயலை மட்டும் நம்பி இருக்காதே, அதில் கொழுப்பில்லை. மீன் தலையை எறியாதே, வீட்டில் தலை வேண்டாம் என்று முகம் சுளிக்கிற ராங்கி அங்கே சரிவராது.

இந்தக் கடிதத்தால் வீட்டில் பெரிய சண்டை. சாப்பிட்டியா மகள் என்று மட்டும் எழுதப்பா, அது இல்லாமல் அது என்ன கடிதம் என்று மம்மி பிடிவாதமாக நிற்கிறாள். பிறிஜெற், பிள்ளை பட்டினி கிடக்கிற இடத்துக்கு அதை எழுதினால் அதோடு சரி என்று நான் கத்தினேன். அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நீ போன நாளிலிருந்து அவள் இரவில் சோறு சாப்பிடுவதில்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன், வெட்டினால் பேப்பர் அசிங்கமாகிவிடும்.

நீ நிற்க முடிந்தால் நில். முடியாவிட்டால் அந்தப் பட்டனை அழுத்து. இந்த வீட்டில் ஒருத்தரும் சிரிக்க மாட்டோம், மற்றவன் சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். நிகழ்ச்சி ரீவியில் வரும்போது நீ சோபாவில் என் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் அதைப் போடவே மாட்டேன்.

மாதாவும் அந்தோனியாரும் உன்னோடு இருப்பார்கள். கால் விரல்களை ஈரமில்லாமல் வைத்துக்கொள், செபமாலையை இடது பக்கப் பொக்கற்றில் வைத்திருப்பதாகச் சொன்னாய், அங்கேயே இருக்கட்டும்.

சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை. வந்து சாப்பிடு.

உன் டடா,
கிளறன்ஸ்