அப்பாவின் கடையில் உன் இடம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிக்கா, பார்க்கலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். பக்கத்தில் அப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் கடை விஷயம். போன வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டுத் தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்டார்கள். தெருவை அகலப்படுத்தப் போகிறார்களாம். நம் கடை இருக்கிற வரிசை முழுவதையும் இடிக்கப் போகிறார்கள், பின்னால் ஆறு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதில் நமக்கும் ஒரு கடை உண்டு. கட்டடத்தின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். படத்தில் மரங்கள் எல்லாம் ஒரே உயரம், மனிதர்கள் எல்லாம் ஒல்லி, ஒருவர் கையிலும் பை கிடையாது. உன்னைப் போல் கட்டடம் வரைகிறவர்கள் போட்ட படம்தானே, நீயே சொல், எந்தத் தெருவில் ஜனங்கள் இப்படி வெறுங்கையை வீசிக்கொண்டு போகிறார்கள்?

முடிவெட்டும் கடைக்காரர், நீ ரேடியோ என்று பெயர் வைத்தாயே அவர்தான், மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லை. இடிக்கவே கூடாது என்று ஆரம்பித்தார். நடுவில், இடிக்கலாம் ஆனால் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றார். புதுக் கட்டடத்தில் தனக்குத் தரைத்தளம்தான் வேண்டும் என்று முடித்தார். பிறகு கேமராவும் கையுமாக நாலைந்து பேர் எழுந்தார்கள். நம் கடை வாசலில் நின்று படம் எடுப்பார்களே, அவர்கள். நம் வளைவு ஜன்னலும் சிவப்புத் தரையும் இனி எங்கேயும் கிடைக்காதாம், ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாதாம். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவராவது உள்ளே வந்து ஒரு டீ குடித்திருப்பார்களா? மழை வந்தால் அந்த ஜன்னலடியில் நான் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிப்பது அவர்கள் எடுத்த படத்தில் விழவில்லை போலிருக்கிறது.

கடைசியில் மருந்துக்கடை அம்மா எழுந்தார். அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்த அன்று ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நம் கடை பெஞ்சில் படுக்கவைத்துத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அம்மா பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "எனக்கு ரோடு வேணும். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு மண்டபத்தில் யாரும் ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை.

இடிக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது நானும் தூக்கினேன், தம்பி. சமையல்கட்டுக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து அடுப்பின் மேலேயே விழுகிறது. போன மாதம் அப்பா ஓர் எட்டுத் தள்ளி நின்றதால் தலை தப்பியது. அது பழுதாகிப்போன கட்டடம், இடிப்பதுதான் நியாயம் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். அப்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது நீ சொன்னது சரி என்று தெரிகிறது. சரியான விஷயத்துக்குக் கை தூக்கிவிட்டு வந்து ஏன் அழுதேன் என்றுதான் தெரியவில்லை.

இனி அப்பா விஷயம். மறதி கூடிக்கொண்டே போகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் வயசாச்சில்ல என்றாய். வயது மட்டும் இல்லை. அப்பா கடையில் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார், உனக்குத் தெரியும். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்ப்பார், தட்டு தானாக வரும். ஜன்னலோரம் ரேடியோ, அவருக்குச் சர்க்கரை போடாத டீ. தூணை ஒட்டி மருந்துக்கடை அம்மா, அவருக்கு மிளகு தூக்கலாக சூப். நம் கடைக்கு வருகிறவர்களும் அடுத்தவர் இடத்தில் உட்கார மாட்டார்கள். இப்போது அப்பாவுக்கு முகங்கள் போய்விட்டன, இடங்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. ஒரு நாள் ரேடியோ வெயில் தாங்காமல் தூண் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா சூப்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "தனியா இருக்கப் பழகிடுச்சாம்மா?" என்று கேட்டார். ரேடியோ ஒரு வார்த்தை பேசாமல் சூப்பைக் குடித்துவிட்டுப் போனார். அந்த மனிதர் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சமையல்கட்டுக் கதவோரம் உன் ஸ்டூல் இருக்கிறதே, நீ படிக்கிற இடம், அதில் நீ போன பிறகு நாங்கள் காய்கறிக் கூடைதான் வைப்போம். சுவரை அளக்க வந்த இன்ஜினியர் அது தெரியாமல் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். உன் வயதுதான் இருக்கும். அப்பா உள்ளே போனார். ஓரம் கருக வாட்டிய ரொட்டியும் இரண்டு முட்டையும் கொண்டுவந்து வைத்தார். "இவ்வளவு நாளா எங்கடா போன? மொதல்ல சாப்பிடு" என்று அவர் தலையைக் கோதிவிட்டார். அந்த மனிதர் அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். பரீட்சை எப்படி எழுதினாய் என்று அப்பா கேட்டார். "நல்லா எழுதியிருக்கேன்ப்பா" என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அளவு வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் மதியம் தவறாமல் வருகிறார்.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. உன் வேலையும் லீவு கிடைக்கிற கஷ்டமும் எனக்குத் தெரியாதது இல்லை. கெடு வைத்துச் சொல்லவில்லை, ஆனால் தள்ளிப்போடாதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் பதிலும் அதோடு வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. புதுக் கடைக்குள் பழைய கடையை அப்படியே இறக்கிவிட்டாய். ஜன்னலோர மேசை, தூண், என் கல்லா, கதவோரம் உன் ஸ்டூல், எதையும் விடவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் ஒவ்வொரு மேசையும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்றுகூட ஞாபகம் வைத்திருக்கிறாயே என்று கண் கலங்கிவிட்டது. நான் வா என்று எழுதியதற்கு நீ படம் அனுப்பினாய். அதைக் குத்திக்காட்டவில்லை. உனக்குத் தெரிந்த வழியில் நீ அப்பாவுக்குச் செய்கிறாய் என்று புரிந்துகொண்டேன்.

புதுக் கட்டடத்தில் முன்பகுதி முடிந்து கடைகளைத் திறந்துவிட்டார்கள். உன் படத்தைத் தச்சரிடம் காட்டி, அதே மாதிரி மேசைகள் செய்து அங்கே போட்டுப் பார்த்தோம். அப்பாவைக் கூட்டிப்போனேன். ரேடியோ கடையைப் பூட்டிவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். மருந்துக்கடை அம்மா தூண் பக்கம். எல்லோரும் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு காத்திருந்தோம். அப்பா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வந்தது, தரை வழுவழுவென்று இருந்தது. எதிரே தெருவுக்குப் பதிலாகக் கண்ணாடி. மெதுவாக உள்ளே வந்து ரேடியோ பக்கத்தில் நின்று, "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

தம்பி, அந்தக் கேள்வியை அப்பா வாயால் நான் கேட்டதே இல்லை. ரேடியோ எழுந்து வெளியே போய்விட்டார். மருந்துக்கடை அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா யாரோ கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று பயந்துபோய் என்னிடம் வந்தார். "மேடம், எங்க கடைக்கு எப்படிப் போகணும்? கல்லாவுல என் பொண்ணு தனியா இருக்கும்" என்றார். நான் வழி காட்டிக் கூட்டிவந்தேன். பழைய கடைக்கு வந்து நான் கல்லாவில் உட்கார்ந்ததும் "எங்கம்மா போயிட்ட?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். வீட்டில் அப்பாவுக்கு என்னைத் தெரிவதில்லை. கடை மூடி வந்தபிறகு "யாரும்மா நீங்க?" என்கிறார். முதல் நாள் கேட்டபோது விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். இப்போது, பக்கத்து வீடு என்று சொல்லிச் சோறு போடுகிறேன். ரொம்ப மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்கிறார். காலையில் போய்க் கல்லாவில் உட்கார்ந்தால்தான் நான் அவர் மகள். கடை போனால் நானும் போய்விடுவேன். இதை உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது, சொல்லிக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தெருமுனையிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறார்கள். ரேடியோவின் கடை போயிற்று. இன்ஜினியர் யாரிடம் என்ன பேசினாரோ, நம் கடையை வரிசையில் கடைசியாகப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் தன்னால் தள்ள முடியாது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தள்ளவும் வேண்டாம் என்றேன். ரோடு வரட்டும், அது வேண்டியதுதான். தூசி உள்ளே வராமல் இருக்க வாசலில் ஈரத்துணி கட்டியிருக்கிறேன். சத்தம் எதற்கு என்று அப்பா கேட்கிறார், பக்கத்தில் வேலை நடக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த இன்ஜினியரைப் பற்றி நீ தப்பாக எதுவும் நினைக்காதே. அப்பாவிடம் ஒருவர் அப்படிப் பிள்ளையாக உட்கார்ந்து திட்டு வாங்கிச் சாப்பிடுவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேற்று அவர் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார். "உங்க தம்பி எப்ப வந்தாலும் சொல்லுங்க, நான் எந்திரிச்சிடுவேன். அவர் இடத்துல உட்கார்ந்திருக்கோம்னு எனக்கு சாப்பாடே எறங்கலை" என்றார். நானும் கவனித்திருக்கிறேன், வாசலில் கட்டிய ஈரத்துணி அசைந்தால் அவர் பாதி எழுந்துவிடுகிறார்.

பக்கத்துக் கடையின் கூரையை இன்று காலை பிரித்துவிட்டார்கள். படம் எதுவும் அனுப்பாதே, பதிலும் எழுதாதே. வந்து உட்கார். அப்பா உன்னைத் திட்டட்டும். எல்லோரையும் நல்லபடியாகப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

இப்படிக்கு,
இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்பாவின் மகளாக இருக்கும்
உன் அக்கா