பேனலுக்கு அடியில் பச்சைப் புல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாயிருக்கிறாயா? உன் அத்தானுக்கு ஒரு குறையுமில்லை. அவருக்கு என்றைக்குக் குறை வந்தது. அவரால் மற்றவர்களுக்குத்தான் வரும்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே அவர்தான். சோலார் பேனல்களை வெயிலோடு திருப்பும் உன் புரோகிராம் சரியில்லை, அதனால்தான் மின்சாரம் குறைந்தது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். தவறு உன்னுடையது என்று நீயே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். "சின்னப் பையன், வேற வேலை கெடைக்கும். மேனேஜர் பேரு கெட்டா திரும்ப வருமா?" என்கிறார். கெட்டுப்போவதற்கு முதலில் பேர் என்று ஒன்று இருக்க வேண்டாமா?

நடந்ததைக் கேள். போன மாதம் முதலாளி விருந்தாளிகளோடு நிலையத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. நீ கேட்டு வாங்கிப் பேனல்களுக்கு அடியில் பரப்பிய வெள்ளைக் கற்கள் அத்தானின் கண்ணை உறுத்தின. பார்க்க வறட்சியாக இருக்கிறதாம்! வரிசை வரிசையாகப் பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்து மூடிவிட்டார். இந்தப் பேனல் அடிப்பக்கத்திலும் வெளிச்சம் வாங்கும், வெள்ளைக் கல்லில் பட்டுத்தான் அது மேலே வரும் என்று நான் வேலை பார்க்கும் கண்ட்ரோல் ரூமில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "அடியில எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?" என்று சிரித்தார். இருபக்கப் பேனல் நிலையத்துக்கு இவர் மேனேஜர்! குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புல் போகவில்லை. சாயங்காலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன்மேல் உலாவுகிறார். மின்சாரம் இறங்கியதும், "உன் தம்பி திருப்புற கோணம் தப்பு" என்று என்னிடம் தீர்ப்புச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நேற்று அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு வரிசைப் புல்லை மட்டும் நானே சுருட்டி எடுத்தேன். உன் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அந்த வரிசை மட்டும் பழையபடி மின்சாரம் கொடுத்தது. கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்த்துவிட்டு, "இது வெளிய தெரிய வேணாம். நீ எனக்குப் பொண்டாட்டியா, அவனுக்கு அக்காவா?" என்றார். அதுவரை அவரை முட்டாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

எனக்காக நீ பலமுறை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய். இந்த முறை வேண்டாம். எழுதிக் கொடுத்தால் இனி எந்த நிலையத்திலும் உன்னைச் சேர்க்க மாட்டார்கள். அக்காவின் வாழ்க்கை என்ன ஆகும் என்று யோசித்துப் பேனாவை எடுத்துவிடாதே. நாளைக் காலை முதலாளியை அந்த வரிசைக்கே அழைத்துப் போகிறேன். அத்தானும் கூட வரட்டும், குனிந்து பார்க்கட்டும்.

பதிலை இந்த வீட்டுக்கு எழுதாதே. நான் எங்கே இருப்பேன் என்று தெரிந்ததும் முகவரி அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. யார் முன்னாலும் தலை குனியாமல் நன்றாயிரு.

உன் அக்கா