நோர்டால் தீயணைப்பு வண்டியின் இருவர் எட்டு மாதங்களாகப் பேசிக்கொள்ளாதது குறித்து

அனுப்புநர்
லவோன் பிரெக்கி (வயது 59),
தலைமைச் சமையலர், நோர்டால் தொடக்கப்பள்ளி,
நோர்டால், அயோவா.

பெறுநர்
மாவட்டக் கட்சித் தலைவர் அவர்கள்,
பிளம் மாவட்டம், அயோவா.

பொருள்: ஜனவரியில் நடந்த குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வுக் கூட்டத்தால் எங்கள் ஊரில் மூண்ட பகை, அதனால் எங்கள் கொட்டகை எரிந்தது, அறுவடைக்கு முன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து ஜூன் மாதம் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "அன்பு லவோன், உங்களைப் போன்றவர்களால்தான் நம் இயக்கம் வாழ்கிறது" என்று தொடங்கும் அச்சடித்த பதில் வந்தது. வாரத்துக்கு இரண்டு மாலை தொலைபேசியில் வாக்காளர்களிடம் பேச வருமாறு அதில் அழைத்திருந்தீர்கள். கொட்டகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் கையெழுத்து புரியவில்லை போலும் என்று கருதி இம்முறை தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

1. நான் எந்த அணியையும் சேர்ந்தவள் அல்ல. பள்ளி உணவுக்கூடத்தின் சாவி என்னிடம் இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக, எங்கள் வட்டாரக் கூட்டத்துக்கு என்னைத் தலைவராக நியமித்தீர்கள். அதை மறுக்காதது என் முதல் தவறு.

2. எங்கள் ஊரில் ஒரே ஒரு தீயணைப்பு வண்டி. அதை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊதியமின்றி நடத்துபவர்கள் இருவர். ஓர்வல் டைக் வண்டியை ஓட்டிவந்து பம்பை இயக்குவார். டென்னி குசேரா குழாயைப் பிடித்துத் தீயின் முன் நிற்பார். அடுத்தடுத்த நிலம். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் ஒரே ஓட்டையில் இருவரும் தூண்டில் போடுவார்கள். இத்தனை ஆண்டுகளில் இவர்கள் அரசியல் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குறையைக் கட்சி தீர்த்துவைத்தது.

3. சென்ற நவம்பரில், நம் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்ட இருவரில் ஒருவரான செனட்டர் மார்லோ அம்மையார் ஓர்வல் வீட்டுச் சமையலறைக்கு வந்து, ஆப்பிள் பை என்னும் பழப் பணியாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். அடுத்த வாரம் மற்றவரான ஆளுநர் டெக்கர் டென்னியின் வயலுக்கு வந்து டிராக்டரை இருபது அடி ஓட்டி வேலியைச் சாய்த்தார். அன்று முதல் ஒருவர் அம்மையாருக்காகவும் மற்றவர் ஆளுநருக்காகவும் உயிரை விடத் தயாரானார்கள். ஒருவர் வாசலில் ஒரு விளம்பரப் பலகை நட்டால் மற்றவர் இரண்டு நட்டார். டிசம்பர் முடிவதற்குள் ஓர்வலின் வீட்டுக் கதவு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

ஊர்க் காபிக்கடையில் நான் காதால் கேட்டதை, மன்னிக்கவும், அப்படியே தருகிறேன்.

ஓர்வல்: "உன் ஆளுக்கு இருபது அடி டிராக்டர் ஓட்டத் தெரியல. நாட்டை ஓட்டப் போறாராம்!"

டென்னி: "உன் செனட்டரம்மா ரெண்டு துண்டு பை தின்னுட்டு, போகும்போது உன்னை நார்மன்னு கூப்பிட்டாங்களாமே?"

இது உண்மை. அதன்பின் ஒரு மாதம், நார்மன் என்பதும் நல்ல பெயர்தான் என்று ஓர்வல் எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தார்.

4. கூட்டம் நடந்த மாலை, என்னைத் தவிர எழுபத்தைந்து பேர் வந்திருந்தனர். தாங்கள் அறிந்தபடி, இதில் வாக்குச்சீட்டு கிடையாது. யாருக்கு ஆதரவோ அவர் பக்கம் போய், அண்டை வீட்டார் அனைவரும் பார்க்க, நிற்க வேண்டும். நான் தலைகளை எண்ணுவேன். எண்ணினேன். அம்மையார் பக்கம் முப்பத்தேழு. ஆளுநர் பக்கம் முப்பத்தேழு. மீதி ஒருவர் தின்பண்ட மேசையருகே நின்று செர்ரி பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் என் கணவர் ஆர்டன்.

பனிச்சாலையில் எனக்கு வண்டி ஓட்ட வராது என்பதால்தான் அவர் வந்திருந்தார். விதிப்படி அவர் "இன்னும் முடிவு செய்யாதவர்". எழுபத்துநான்கு பேரும் ஒருசேர அவரைத் திரும்பிப் பார்த்தனர். நாற்பது ஆண்டு இல்லறத்தில் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, நான் உட்பட.

"ஆர்டன், உன் மாடு பள்ளத்துல விழுந்தப்ப வந்து இழுத்தது யாருடா?" என்றார் ஓர்வல்.

"கயிறு யாருதுன்னு கேளுடா!" என்றார் டென்னி.

கால் மணி நேரம் இப்படியே நடந்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் என் கணவரின் சட்டைத் தையல் விட்டது. கடைசியில் அவர் நடந்துபோய், ஆளுநர் பக்கம் காலியாக இருந்த ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு என்று எழுதினேன். எங்கள் வட்டாரம் மாவட்ட மாநாட்டுக்கு அனுப்பும் ஏழு பிரதிநிதிகளில் நால்வர் ஆளுநருக்குப் போயினர். மறுநாள் ஒரு தொலைக்காட்சியில், நோர்டால் போன்ற ஊர்கள் மாற்றத்துக்காகத் துடிக்கின்றன என்று ஓர் அறிஞர் விளக்கினார்.

"நாற்காலி போட்டு ஓட்டுத் திருடிட்டான்!" என்று ஓர்வல் கத்தினார். "முட்டி ஆபரேஷன் பண்ணவனை நிக்க வச்சே கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் மனுசனா?" என்று டென்னி பதிலளித்தார். இவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட கடைசிச் சொற்கள் இவை.

வீடு திரும்பும் வழியில் என் கணவரிடம் காரணம் கேட்டேன். "முட்டி வலிச்சுது" என்றார். சற்றுப் பொறுத்து, "டெக்கர்ங்கிறது அந்தம்மாவா, அந்தாளா?" என்று கேட்டார்.

5. மே 28 அன்று பிற்பகல் எங்கள் கொட்டகையில் தீப்பிடித்தது. வாயிற்கதவின் கீலை வெல்டிங் செய்யும்போது தெறித்த பொறி. தவறு என் கணவருடையது, மறைக்க விரும்பவில்லை. வண்டி ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டது. அதற்காக இருவருக்கும் நன்றியுடையேன். வழக்கமாக டென்னி ஒரு குரல் கொடுத்தால் ஓர்வல் தண்ணீரைத் திறந்துவிடுவார். அன்று ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நின்றனர். இடையில் என்னை நிறுத்தினர்.

"லவோன், தண்ணியத் தொறக்கச் சொல்லு" என்றார் டென்னி. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"யாரு கேக்குறாங்கன்னு கேளு" என்றார் ஓர்வல். ஓடிவந்து கேட்டேன்.

"முப்பத்தெட்டுப் பேரு கேக்குறாங்கன்னு சொல்லு" என்றார் டென்னி.

ஐயா, எனக்கு வயது ஐம்பத்தொன்பது. அந்தப் பதிலைக் கொண்டு சேர்ப்பதற்குள் கூரையின் ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

உள்ளே மறுபக்கம் ஒரு கிடாரிக் கன்று கட்டியிருந்தது. என் கணவர் அதை அவிழ்க்கப் போனார். அதைப் பார்த்ததும் இருவரும் போட்டது போட்டபடி உள்ளே பாய்ந்து, ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவரை வெளியே இழுத்து வந்தனர். அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் புல்தரையில் கிடத்திய பிறகு, முதலில் பிடித்தது யார் என்பதை என் வழியாக விவாதித்தனர். நான் அவர் சட்டையில் இருந்த நெருப்பைக் கையால் தட்டி அணைத்துக்கொண்டிருந்தேன்.

கிடாரி தப்பிக்கவில்லை. கொட்டகையும் நானூறு வைக்கோல் கட்டுகளும் போயின. என் கணவரின் வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. காலையில் அவர் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அவர் யாரையும் குறை சொல்வதில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

6. ஆகஸ்டில் கட்சி மாநாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். "நாட்டுக்கே ஆபத்து" என்று அம்மையார் முன்பு வருணித்த ஆளுநர் வேட்பாளராக வென்று, "ஒரு வார்த்தையும் நம்பத்தகாதவர்" என்று தாம் வருணித்த அம்மையாரையே தம் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அறிவித்தார். இருவரும் கட்டித் தழுவினர். பலூன்கள் விழுந்தன. நான் மகிழ்ச்சியில் எழுந்து உடனே இருவருக்கும் தொலைபேசியில் அழைத்தேன்.

ஓர்வல் சொன்னது: "அவங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருக்காங்க. எனக்கு அந்த வியாதி கிடையாது."

டென்னி சொன்னது: "அவரு அரசியலுக்காகக் கட்டிப்புடிக்கிறாரு. நான் என்ன அரசியல்வாதியா?"

இப்போது இரண்டு வீட்டு வாசலிலும் ஒரே பலகைதான். இரு தலைவர்கள் பெயரும் சேர்ந்து இருக்கிறது. ஓர்வல் ஆளுநரின் பெயர்மேல் கறுப்பு நாடா ஒட்டியிருக்கிறார். டென்னி அம்மையாரின் பெயர் மண்ணுக்குள் போகும்படி பலகையை ஆழமாக நட்டிருக்கிறார். தலைவர்களுக்குச் சண்டை ஒரு பருவப் பயிர், ஐயா. அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய அடித்தாள் எங்கள் காலில் குத்துகிறது.

7. வரும் அக்டோபரில் அறுவடை. சருகாய்க் காய்ந்த மக்காச்சோளத்தில் அறுவடை இயந்திரம் சூடேறித் தீப்பிடிப்பது ஆண்டுதோறும் நடப்பது. சென்ற ஆண்டு மூன்று. அப்போது வயலுக்கு வயல் ஓடிச் செய்தி சொல்ல என்னால் இயலாது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. சென்ற செவ்வாய் நண்பகல் பள்ளிச் சமையலறையில் புகை எழுந்து அபாயச் சங்கு ஒலித்தது. இருவரும் வந்தனர். என் அடுப்பில் ஒரு தட்டு ரொட்டி கருகியிருந்தது, அவ்வளவுதான். முப்பத்தோராண்டு அனுபவமுள்ள சமையலரின் ரொட்டி எப்படிக் கருகியது என்று தாங்கள் கேட்க வேண்டாம். வந்தவர்களைச் சும்மா அனுப்புவது முறையல்ல என்பதால் கருகாத தட்டை எடுத்து வைத்தேன். ஒரே மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்து தின்றனர். டென்னி என்னைப் பார்த்து, "வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓர்வல் வெண்ணெயைத் தள்ளிவிட்டார். எட்டு மாதங்களில் முதன்முறையாக என் சேவை தேவைப்படவில்லை. நான் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி, கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) போட்டி முடிந்துவிட்டது என்றும், மேற்படி இருவரும் இனிப் பேசிக்கொள்ளலாம் என்றும் இரு தலைவர்களும் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தை இருவருக்கும் தனித்தனியே அனுப்ப ஆவன செய்ய வேண்டும். கட்டளை மேலிடத்திலிருந்து வந்தால் இறங்கிவர அவர்களுக்கு மரியாதையான ஒரு படி கிடைக்கும்.

ஆ) அடுத்த முறையாவது மனிதர்கள் மறைவாக ஒரு சீட்டில் எழுதிப் போட வழிசெய்ய வேண்டும். யாரைப் பிடிக்கும் என்பதை அண்டை வீட்டார் முன் நின்று நிரூபிக்கும் அளவுக்கு எங்கள் ஊர் பெரியதல்ல.

இ) கூட்டத் தலைவர் பதவியிலிருந்து என்னை விடுவிக்க வேண்டும்.

இக்கடிதங்கள் செப்டம்பர் இறுதிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை நான் ரொட்டியைக் கருக்குவேன். அதனால் நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகள் மதிய உணவுக்குத் தாமதமாக உட்கார நேர்ந்தால், அவர்களின் பெற்றோருக்குத் தங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணைத் தருவேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: நோர்டால்
நாள்: செப்டம்பர் 9

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
லவோன் பிரெக்கி