எழுபத்திரண்டு மூட்டைக்குப் பிறகு

27 ஜூலை 2025, ஞாயிறு

எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தேன், சிறுநீர் என்ன நிறம் என்று தினமும் எழுதச் சொன்னார் டாக்டர். எழுதிவிட்டேன். பன்னிரண்டு டம்ளர். நிறம் பரவாயில்லை. மீதிப் பக்கத்தை என்ன செய்வது?

போன ஞாயிறு அம்மன் கோவிலில் ஆடிக் கூழ். லோடுமேன்கள் ஒருவரும் வரவில்லை. லாரி டிரைவருக்கு அவசரம். என் மாட்டுத் தீவனக் கடைக்கு எழுபத்திரண்டு புண்ணாக்கு மூட்டை, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. உச்சி வெயிலில் நானே இறக்கினேன். "இன்னா பாய், யானை மாரி தூக்குற!" என்றான் கிளீனர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கடைசி இருபது மூட்டையை இறக்கினேன். இங்கே ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

லாரி போனதும் குடோனிலேயே விழுந்தேன். கண் விழித்தது ஆஸ்பத்திரியில். தசை சிதைந்து, அந்தக் கழிவு கிட்னியைப் பாதித்துவிட்டதாம். நேற்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. மீறினால் டயாலிசிஸ் வரை போகுமாம்.

ஐம்பத்து மூன்று வயதில் சொம்பைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருக்கிறது.

29 ஜூலை

சபுரா கடையைத் திறந்துவிட்டாள்! கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்தவளில்லை. என் கட்டில் கடைக்குப் பின்னறையில் இருப்பதால் எல்லாம் காதில் விழுகிறது.

பழைய வாடிக்கைக்காரர் மானாம்பதி சேட்டு இரண்டு மூட்டை வாங்க வந்தார். என் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாங்குபவர் மூட்டையைத் தொடக் கூடாது. நானே தூக்கிவந்து வண்டியில் வைப்பேன். உத்திரமேரூர் பஜாரில் எனக்குப் பெயரே அதுதான். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"அண்ணே, அவரு படுத்துக்கினு கீறாரு. நீங்க ஒரு பக்கம் புடிங்க, நா ஒரு பக்கம் புடிக்கிறேன்."

மானம் போயிற்று. கூப்பிட்டுக் கேட்டேன், கடைக்கு இன்னா மரியாதை என்று.

"மூட்டையத் தொட்டா இன்னா, கையில ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்மாவுக்குப் போக முடியவில்லை. தெருமுனை வரை நடந்தேன். தொடை இரண்டும் என்னுடையதாகவே இல்லை.

6 ஆகஸ்ட்

பொம்பளை கெட்டிக்காரி. சும்மா சொல்லக் கூடாது.

நான் கூரை வரை அடுக்கிவைப்பேன். இவள் லோடுமேன்களை வைத்து எல்லாவற்றையும் வாசல் பக்கம், இடுப்பு உயரத்துக்குப் பெஞ்சு போட்டு மாற்றிவிட்டாள். வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தி மூட்டையைத் தள்ளினால் போதும். முப்பது வருடமாக இது எனக்குத் தோன்றவில்லையே! எனக்கு மூளை தோளில் இருந்திருக்கிறது.

திருப்புலிவனம் எல்லம்மாளுக்கு இரண்டே மாடு. ஐம்பது கிலோவைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவாள்? சபுரா பத்து கிலோவாகக் கட்டிக் கொடுக்கிறாள். மாடுகளின் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருக்கிறாள். எழுதும்போது கொஞ்சம் வயிறு எரிகிறது. இருந்தாலும் உண்மை உண்மைதான்.

14 ஆகஸ்ட்

தப்பு செய்துவிட்டேன்.

அவள் மதியம் லுஹர் தொழப் போயிருந்தாள். ஒரு மூட்டை கோணலாக இருந்தது. ஒன்றே ஒன்றுதானே — முழங்கால் வரை தூக்கினேன். கால் மடங்கி, அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஆட்டோ வரிக்கும் உங்கள யாரு கொண்டாந்தது, தெரியுமா?"

ஆட்டோ டிரைவர் தூக்கியிருப்பார் என்றேன்.

"கத்திக் கத்திப் பாத்தேன். எல்லாரும் கூழுக்குப் போய்ட்டாங்க. ஒரு ஈ காக்கா இல்ல. சாக்கு மேல உங்கள உருட்டிப் போட்டு, குடோன்லேந்து ரோடு வரிக்கும் நா ஒருத்தியாதான் இழுத்தேன். அதுக்கப்பறம்தான் ஆட்டோ கெடச்சுது. இன்னொரு தபா என்னால முடியாதுங்க."

இன்னா மனுசன்டா நான்? மூன்று வாரத்துக்கு மேலாக ஒருமுறைகூடக் கேட்கவில்லையே. அவள் ஐந்தடிகூட இல்லை. நான் எழுபது கிலோ. தினமும் இடுப்பில் தைலம் தேய்க்கிறாளே, சமையல்கட்டு வலி என்றல்லவா நினைத்தேன். அந்த இடுப்போடுதான் கடையையும் பார்த்திருக்கிறாள். அழுதேன். மறைக்கவில்லை.

15 ஆகஸ்ட்

இன்று தைலம் நான் தேய்த்துவிட்டேன்.

2 செப்டம்பர்

ரத்தப் பரிசோதனை நார்மல். கிட்னி தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். இனி கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யலாம். பாரம் மட்டும் பழையபடி கூடாது, எப்போதும்.

8 செப்டம்பர், திங்கள்

லாரி வந்தது. லோடுமேன் ஒருவன்தான் வந்திருந்தான். டிரைவர் என்னைப் பார்த்தார். தோள் தினவெடுத்தது, பொய் சொல்வானேன்.

ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனேன். அங்கே சேட்டும் நாலைந்து பேரும் இருந்தார்கள். கேட்டேவிட்டேன்.

"யாராச்சும் ஒரு கை குடுங்கப்பா. என்னால முடியாது."

எல்லோரும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். சேட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "முப்பது வருசமா எங்கள எங்க பாய் தொட வுட்ட?" என்றார்.

அரை மணி நேரத்தில் லாரி காலி. அதற்குள் நான் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டேன். மூட்டையை எங்கே அடுக்க வேண்டும் என்று சபுரா சொல்லிக்கொண்டிருந்தாள்.