இரண்டு தரம் வந்த மணப்பெண்

அடுத்த வீட்டில் கல்யாணம். காலையிலிருந்து காதைத் தின்றுகொண்டிருந்த ஒலிபெருக்கி, மின்சாரம் போனதும் வாயை மூடியது. அந்த அமைதியில் யாரோ ஒரு பெண் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டுப் பார்த்தாள். பாதியில் இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் நினைவும் வந்தது. நீ போன பிறகு இந்தச் சத்தம் கேட்டால் உன் முகம் வராமல் இருப்பதில்லை.

சூறாவளி அடித்த மறுவருடம் அது. கல்முனை ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று விடுதியின் கூரையைக் காற்று கொண்டுபோயிருந்தது. தகரம் வாங்கப் பணம் சேர்க்க நம் மாதர் சங்கம், பெண்களுக்கு மட்டும் என்று ஓர் உடை அலங்காரக் காட்சி வைத்தது. அவரவர் தங்கள் உடுப்பில் வருவதாகத்தான் முதலில் பேச்சு. நீதான் விடவில்லை.

"சீலையும் முக்காடும் சந்தையில நாளாந்தம் பாக்கிறதுதானே. அதுக்கு ஆரும் டிக்கட் எடுப்பாங்களா? மாத்தி உடுப்பம்."

அப்படித்தான் சிங்களத் தாதி கவுன் போட்டாள், பறங்கியர் வீட்டு டீச்சர் சிங்களவரின் ஒசரிச் சேலை கட்டினார், உங்கள் தமிழ்க் கல்யாணத்துக் கூறைச் சேலை எனக்கு வந்தது. எங்கள் முஸ்லிம் மணப்பெண் உடுப்பு உனக்கு.

அதற்குத்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. நீ காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவள். உன் அப்பா போன பின் சம்பளத்தில் கட்டிய வீட்டைத் தங்கைக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டாய். வீடில்லாத பெண்ணைக் கேட்டு நம் பக்கத்தில் யார் வருவார்? கல்யாணப் பேச்சே நின்றுபோன உன்னை, ஊர் பார்க்க மணக்கோலத்தில் நிறுத்துவதா?

"வேற ஆளப் போடுவம்" என்றேன்.

"என்ன புள்ள, உன்ட கலியாணச் சீலை கசங்கிடும் எண்டு பயமா?" என்று என் வாயை அடைத்துவிட்டாய்.

மண்டபம் நிறைந்திருந்தது. சரிகை முக்காட்டோடு நீ மேடைக்கு வந்தாய். உன் ஊர்க்காரி ஒருத்தி, "இஞ்சயாவது கலியாணப் பொண்ணாகிட்டா" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். உனக்கும் கேட்டது. நடை நின்றுவிட்டது. திரையோரம் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போது முன்வரிசையில் இருந்த என் உம்மா குரவை போட்டார். காட்சி, கைதட்டல் எல்லாம் உம்மாவுக்குத் தெரியாது. மணப்பெண் சபைக்கு வந்தால் குரவை போட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு காரைதீவு, பாண்டிருப்புப் பெண்களும். குரவை உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதானே. சிரித்தவளும் போட்டாள்.

நீ அழுதுகொண்டே உள்ளே வந்தாய்.

"என்னகா, மனம் நொந்துட்டா?" என்றேன்.

என் கல்யாணச் சேலைத் தலைப்பிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா போய்ட்டு வரட்டா?" என்றாய்.

போனாய். மறுபடியும் குரவை. ஒலிவாங்கி பிடித்தவள் கத்தியும் அடங்கவில்லை.

சில வருடங்களில் உங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் இடையில் கலவரம் வந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் நடுவில் இருந்த ரோட்டில் போகப் பயந்தோம். நீ மாற்றம் எடுத்து மட்டக்களப்புக்குப் போனாய். கடிதங்கள் வந்தன, பிறகு குறைந்தன. உன் மரணச் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. கடைசியாக உன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இதோ, அடுத்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்து நிற்கிறாள். "மாமி, பொண்ணக் கூட்டி வரப் போறாங்க. எங்களுக்குக் குரவை வருகுதில்ல. நீங்க வந்து போடுங்க."

உம்மாவின் தொண்டை எனக்கு இல்லை. மூச்சு கொஞ்சம் இருக்கிறது. போகத்தான் போகிறேன். முதல் குரவை அந்தப் பெண்ணுக்கு. அவள் போய் உட்கார்ந்த பிறகும் நான் நிறுத்த மாட்டேன். கிழவிக்கு விசர் என்று நினைத்தால் நினைக்கட்டும். நீ இன்னொருக்கா வா.