கொல்லையில் மூட்டிய தீ

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மகள் அஸ்பியா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பௌசியா காலண்டர் தாளைக் கிழித்து, கடைக்குப் போயிருந்த கணவர் முஸாஃபருக்கு எழுத உட்கார்ந்தாள். போனில் பேசினால் மறுபடியும் சண்டை வரும்.

நேற்று அவர் கொல்லையில் பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்திய புகையில் அஸ்பியாவுக்கு மூச்சு இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி மருந்து வைத்தார்கள். "ஊரே கொளுத்துது, நான் கொளுத்துனாத்தான் குத்தமா?" என்று அங்கேயே கத்தினார்.

அவள் பேனாவை அழுத்தி எழுதினாள்.

"மச்சான், பரளச்சிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறோம். சோறும் கறிக்குழம்பும் மூடி வச்சிருக்கேன். பால் கவரு, எண்ணெய்க் கவரெல்லாம் கழுவிச் சாக்குல கட்டியிருக்கேன். பழைய இரும்புக்காரரு சாயங்காலம் வருவாரு, அவருட்ட போட்டுருங்க. காய்த்தோலை வாழைக்குழியில கொட்டுங்க. குளிச்ச தண்ணியும் அங்கதான் போகுது, அடைச்சுராதீங்க. தீப்பெட்டி எங்கிட்ட இருக்கு. அடுப்புக்கு லைட்டர் போதும். இனி கொல்லையில தீ எரிஞ்சா நாங்க வரமாட்டோம்."

அஸ்பியா எட்டிப் படித்தாள். "கடைசி வரிய அடிச்சிரும்மா. அத்தா அழுவாக."

"அழட்டும்."

"அப்ப நானும் எழுதுவேன்." பேனாவைப் பிடுங்கி அடியில் எழுதினாள்: "அத்தா, இனிமே கொளுத்த மாட்டேன்னு சொல்லிக் கூப்பிட வாங்க. நான் வந்திருவேன்."

பௌசியா அதைப் படித்துவிட்டுப் பேனாவைத் திரும்ப வாங்கினாள். தன் வரியை அடிக்கவில்லை. மகள் எழுத்துக்குக் கீழே, மிச்சமிருந்த ஓரத்தில், பொடியாக எழுதினாள்: "நானும்."